நாயனமும் கடலைப்பால் ஜிகர்தண்டாவும்

மார்ச் 29, 2025

பங்குனி பொறந்துருச்சு, ராத்திரி கரகாட்டத்துக்கு நாயனம் (நாதஸ்வரம்) வாசிக்கிறது, பகல்ல மதுரை ஒத்தக்கடையில ஜிகர்தண்டா கடை. நாயனக்காரனுக்கு பால் ஆகாது, சளி கட்டும், மூச்சு நிக்காதுன்டு எங்க அப்பா காலத்துல இருந்தே சொல்லுவாய்ங்க, மெய்யோ பொய்யோ, எங்க செட்டுல நடுச்சாமம் குடிக்கிறது நிலக்கடலைப்பாலும் கருப்பட்டியும்தான். அதத்தான் இப்ப ஜிகர்தண்டாவா விக்கிறேன்.

வர்றவுக அம்புட்டு பேரும் கேக்குறது ஒண்ணுதான், பால் இல்லாம எப்படிப்பான்டு. யோசிச்சுப் பாருங்க, பாதாம் பிசின், கடல்பாசி, நன்னாரி எல்லாமே ஏற்கனவே மரம் செடி பாசி சமாச்சாரம்தான், மாத்த வேண்டியது பாலும் ஐஸ்கிரீமும் மட்டும். கடலைய லேசா வறுத்து தோலு நீக்கி ஊற வச்சு அரைக்கணும், வறுக்காம அரைச்சா பச்சை வாடை போகவே போகாது. ஒரு கிலோவுக்கு ஆறு லிட்டர் தண்ணி, வடிகட்டி சிம்ல வச்சு கிண்டிக்கிட்டே இருக்கணும், போன் வந்துச்சுன்டு அங்கிட்டு திரும்புனா அடிப்பிடிச்சுரும். மாட்டுப்பால் சுண்ட சுண்ட செவக்கும், இது எம்புட்டு காச்சுனாலும் வெளுப்புதான். அதுக்குத்தான் கருப்பட்டிப் பாகு, நிறமும் வந்துரும் மணமும் வந்துரும். ஐஸ்கிரீமுக்கு பதிலா கெட்டித் தேங்காப்பால்ல ஏலக்கா தட்டிப்போட்டு உறைய வச்சு அடிக்கிறோம்.

ஏப்ரல் 9

சாப்பாட்டுக் கடைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எழுதிப் போட்டேன், 2025-ல வருசம் 12 லட்சத்துக்குள்ள வியாபாரம்னா அந்தப் பதிவே போதும்னு இருந்துச்சு, கட்டணம் வருசத்துக்கு 100 ரூவாயா இருந்துச்சு. நம்பர் வந்துருச்சு. போர்டுல "கடலை ஒத்துக்காதவுக சாப்பிடாதீங்க"ன்டு பெருசா எழுதச் சொல்லிட்டேன், அலர்ஜி விளையாட்டில்ல. வீகன்னு (பால்கூட சேக்காத சைவம்) மட்டும் எழுதல, எழுதுனா பாதிப்பேர் இது ஏதோ பத்தியச் சாப்பாடுன்டு போயிருவாய்ங்க.

எழுதாட்டியும் ஒரு காலேஜ் பிள்ளை விடல. "அண்ணே, இங்க பால் கூட கிடையாது, மேளம் மட்டும் தோலா?"ன்டுச்சு. நான் சொன்னேன், தாயி, என் நாயனம் ஆச்சா மரம், பழைய வீட்டு உத்தரத்துல எடுக்குறது, வாயில வச்சு ஊதுற சீவாளி கொறுக்கைத் தட்டை, நான் சுத்த சைவம், பதில் சொல்ல வேண்டியது தவில் அண்ணன். அண்ணன் கிளாஸ கீழ வைக்காமலே மொறச்சாரு. ஆனா கேள்வி நல்ல கேள்விதான், உறுமிக்கு தோலு இல்லாம அந்த உறுமல் வருமான்டு எனக்குத் தெரிஞ்சு யாரும் காட்டல.

மே 5

இப்ப சிக்கல் என்னன்டா, மேளம் இல்லாத மாசத்துக்குத்தான் கடை போட்டேன், ஆனா திருவிழா பூராம் பங்குனி சித்திரை வைகாசியில, ஜிகர்தண்டா ஓடுறதும் அதே வெயில்லதான். ரெண்டும் சேந்தே வருது, ஐப்பசி கார்த்திகை மழையில சேந்தே படுத்துரும். வீட்ல முன்னாடியே சொன்னா, சோறு வர்ற நேரத்துல ரெண்டு இலை போடுற ஆளு நீங்கதான்டு. தம்பியையும் மதினியையும் கடையில உக்கார வச்சுட்டு நான் கச்சேரிக்கு ஓடுறேன், காச்சுற பதம் மட்டும் மதினிக்கு என்னைய விட நல்லா வருது.

மே 12

அழகர் ஆத்துல இறங்கிட்டாரு. கடையப் பூட்டிட்டேன். தல்லாகுளத்துல இருந்து ஆத்தங்கரை வரைக்கும் நீர்மோரும் பானக்கமும் கூப்பிட்டு கூப்பிட்டு சும்மா குடுக்குறாய்ங்க, அங்க போயி கிளாஸ் 40 ரூவான்டு நின்னா எவன் வாங்குவான்? நானே அஞ்சாறு எடத்துல வாங்கிக் குடிச்சேன், மண்டகப்படியில வாசிச்சேன், தொண்டை வறண்டதே தெரியல.

ஜூன் 3

மழைக்கு சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு சூடா கடலைப்பால் குடுக்கலாம்னு மதினி யோசனை, சாயங்காலம் போட்டுப் பாத்தோம், மிளகு தூக்கல், கொறைக்கணும்.

ஆனி முகூர்த்தத்துக்கு மேலூர் பக்கத்துல இருந்து பேச வந்தாய்ங்க. நாயனம் ரெண்டு, தவில் ரெண்டு, பம்பை, உறுமி, அதோட 200 கிளாஸ் ஜிகர்தண்டா. மேளத்துக்கு நான் சொன்ன ரேட்டுல பொண்ணோட மாமா ஒரு மணி நேரம் கொறைச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு, ஒரு உறுமியக் குறைங்க, தம்பி சின்னப்பயதானே பாதிக் கூலி போதாதான்டு. ஜிகர்தண்டா 8,000 ரூவான்டேன். "சரிப்பா, முந்திரி கொஞ்சம் கூடப் போடு"ன்டு அப்பவே பாதிய எண்ணிக் குடுத்துட்டாரு.