பேசுறவங்க பேசட்டும்

தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாமின் தலைநகர் பரமரிபோவுக்கு வந்தால் முதலில் செலாண்டியா கோட்டைக்குத்தான் அனுப்புகிறார்கள். ஆற்றோரக் கோட்டை, உள்ளே சுரினாம் அருங்காட்சியகம். 1982 டிசம்பர் 8-ல் ராணுவ ஆட்சியை எதிர்த்த 15 பேரைச் சுட்டுக் கொன்றதும் இங்கேதான். சுவரில் குண்டு துளைத்த தடம் அப்படியே இருக்கிறது. செல்ஃபோனை எடுக்கக் கை வரவில்லை.

மனசு லேசானது கோட்டோ அருங்காட்சியகத்தில். கோட்டோ என்பது ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் பருத்த உடை; தலையில் கட்டுவது அங்கீசா. கஞ்சி போட்டு விறைத்த துணி, தட்டினால் சத்தம் வரும்போல. கட்டுகிற விதத்திலேயே சேதி சொல்வார்களாம். ஒரு கட்டுக்குப் பெயரே 'பேசுறவங்க பேசட்டும்'! எங்க அத்தைக்கு ஒன்று வாங்கணும்.

1873-ல் லல்லா ரூக் கப்பலில் கல்கத்தாவிலிருந்து வந்த கூலிகளுக்கும் தனி அருங்காட்சியகம் உண்டு. அது நாளைக்கு.