ஒரு பாறைத் திட்டை நம்பி ஓர் இனம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலப் பாலைவனத்தில், டெவில்ஸ் ஹோல் என்னும் பாறைப் பிளவில் தேங்கிய நீரை மட்டுமே இயற்கை வாழிடமாகக் கொண்ட, ஓர் அங்குல நீளமே உள்ள பப்ஃபிஷ் மீனைப் பற்றி இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிளவு அடி காணாத ஆழமுடையதாயினும், மீன்கள் பெரும்பாலும் இரை தேடுவதும் முட்டையிடுவதும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஓர் அறையின் அளவே உள்ள பாறைத் திட்டில்தான். நீரின் வெப்பம் ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ். கரைந்த ஆக்சிஜனோ மிகக் குறைவு. குளிர்காலத்தில் நேரடி வெயில் விழாத வாரங்களில், திட்டில் படரும் பாசி குறைய, அதை நம்பிய சிற்றுயிர்களுக்கும் மீன்களுக்கும் இரை அருகிவிடுகிறது.

விவசாயத்துக்காக அருகில் நிலத்தடி நீரை இறைத்ததால் அந்தத் திட்டு வெளியே தெரியத் தொடங்கியபோது, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1976-இல் நீர்மட்டத்தைக் காக்கும்படி தீர்ப்பாயிற்று. இத்தனை சிறிய மீனுக்காக மோட்டாரை நிறுத்தவேண்டியிருந்த விவசாயியின் கோபம் எனக்குப் புரியாமலில்லை. ஆயினும் தீர்ப்பு சரி என்றே கருதுகிறேன்.

2013-இல் எண்ணியபோது 35 மீன்களே மிஞ்சியிருந்தன. அருகிலேயே அந்தத் திட்டின் மாதிரியுடன் பெரிய தொட்டி கட்டி ஒரு கூட்டத்தை வளர்க்கிறார்கள். அங்கே முட்டைகளைத் தின்று வந்தது, அதே பிளவில் மீன்களோடு உடன் வாழும் ஒரு சிறு நீர்வண்டு.