நான்கெல்லையில் ஒரு பெயர்

22 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வந்தவாசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பரம்பரை தேடுவது என் தொழில் இல்லை. ஆனால் யாருக்கு யார் பங்காளி, வாரிசு எத்தனை பேர் என்று தோண்டாமல் ஒரு பாகப்பிரிவினைகூட எழுத முடியாது.

சில வருடம் முன்பு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். கையில் ஒரு நகல்: டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன கப்பல்களின் ஆள் பட்டியலில் அவருடைய கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய ஒரே ஒரு வரி. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஓர் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை இருக்கும். பெயர்களை மட்டும் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிவிட்டார்கள். நம் முனுசாமி அங்கே மூன்சாமி, கவுண்டர் கோவெண்டர். இந்த வரியில் ஊர் 'புதூர்'. எங்கள் பக்கம் புதூருக்கா பஞ்சம்!

சரி, ஊர்ப் பெயரை விட்டுவிடுவோம் என்று, "வீட்டில் எந்தச் சாமி கும்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம் என்றார். அப்புறம் பாட்டி சொல்லிக்கொடுத்ததாக ஓர் அம்மன் பெயரைச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெயர் மட்டும் பிசகாமல் வந்தது. அந்தப் பெயரில் எனக்குத் தெரிந்து ஒரே கோயில்தான், ஓர் ஏரிக்கரையில்.

அந்தக் கோயில் பங்காளிகள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரங்கள் கிடந்தன. கொள்ளுத்தாத்தா பெயரில் பத்திரம் எதுவுமில்லை. மூன்று நாள் படித்தேன். கடைசியில் வேறு யாரோ விற்ற நிலத்தின் நான்கெல்லையில், அதாவது நாலு பக்கமும் யார் நிலம் என்று சொல்லும் இடத்தில், அகப்பட்டார்: 'நெட்டால் போன' என்ற அடைமொழியோடும் அப்பா பெயரோடும் 'புஞ்சைக்கு வடக்கு'. அடுத்தடுத்த மூன்று கிரயப் பத்திரங்களிலும் அதே வரி. மூலப்பத்திரத்து எல்லையை விசாரிக்காமல் அப்படியே காப்பி அடிப்பார்கள். அதற்காக நான் என் பையன்களை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் அவரை இத்தனை வருடம் ஊரில் வைத்திருந்தது.

இப்போது அந்தப் புஞ்சையை வைத்திருக்கும் பாட்டி பயந்துபோய், "பங்கு கேக்க வந்திருக்காங்களா சாமி?" என்று என்னைத் தனியே கேட்டார். இல்லை ஆயா, பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்றேன். பாட்டியும் டர்பன் அம்மாவும் வரப்பில் உட்கார்ந்து கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள்.

சர்வே எண் இருக்கும்போது எல்லையில் ஆள் பெயர் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். நான் எழுதுகிறேன், அப்பா பெயரோடு. பழைய பெயர் இருந்தால் அதையும் விடுவதில்லை, 'முன்பு இன்னாருடையது' என்று சேர்த்துக்கொள்கிறேன்.