ஒரே வம்சம், இரண்டு குடும்பப் பெயர்

என் கணவர் கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்காரர். அவருடைய முன்னோர்களைத் தேடும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்தோடு கதை முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை.

முதல் தலைவலி 'தி' பெயர்கள். 'தி' (dit) என்றால் பிரெஞ்சில் 'என்று அழைக்கப்படும்' என்று அர்த்தம்; குடும்பப் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவில் வரும். 1665இல் கரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவோடு நியூ பிரான்ஸுக்கு (கியூபெக் அப்போது இருந்த பிரெஞ்சுக் குடியேற்றம்) வந்த சுமார் 1,200 வீரர்களில் 400 பேர் அளவில் இங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் லாஃப்லூர், சான்சூசி என்று ஆளுக்கொரு பட்டப்பெயர் இருக்கும். அதுவும் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'ருவா தி தேழார்தான்' வம்சத்தில் இன்று சிலர் ருவா, சிலர் தேழார்தான். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும்.

ஞானஸ்நானப் பெயர்களும் சோதிக்கும். பெண் என்றால் மரி, பையன் என்றால் ஜோசப் என்று முன்னால் வைப்பது அன்றைய வழக்கம். குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயரை வைப்பார்கள். அதனால் பிறந்த பதிவு கிடைத்ததும் அடக்கப் பதிவையும் பார்த்துவிடுவது நல்லது.

பெண்கள் விஷயத்தில் மட்டும் நிம்மதி. கல்யாணம் ஆனாலும் தேவாலயப் பதிவேட்டில் அவர்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள். அதனால் அம்மா வழி அறுந்துபோவதில்லை. பதிவேட்டில் பக்கம் கிழிந்திருந்தால் நோட்டரி எழுதிய கல்யாண ஒப்பந்தத்தைத் தேடுவேன். அதில் இருவரின் பெற்றோர் பெயரும் வழக்கமாக இருக்கும். சில சமயம் பசுமாட்டுக் கணக்குகூட!