மூன்று கிழவர்களும் ஒரு தராசும்

2024 ஜனவரி 20, சனி

எதிர்வீட்டு மூதாட்டியை இந்தக் கட்டடத்தில் எல்லோரும் 'போ போ' என்றுதான் அழைக்கிறார்கள். காண்டனீஸ் மொழியில் பாட்டி என்று பொருள். ஹாங்காங் வந்து பதினோரு ஆண்டுகளாகியும், 'போ போ, உள்ளே வாருங்கள்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வருகிறது.

இன்று அவர் செய்தித்தாளில் சுற்றிய மூன்று சிலைகளைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஃபுக், லுக், ஸௌ. இங்கே உணவகங்களின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிற்கும் அதே மூவர். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், வெளிறிய பச்சை நிறம். ஏப்ரலில் போ போ முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பிள்ளைகள் மூவர், சிலைகளும் மூன்று. ஒவ்வொன்றும் என்ன விலை பெறும் என்று தெரிந்துவிட்டால் பின்னால் சண்டை வராது என்பது அவர் எண்ணம். நான் கணக்காளன் என்பதால் எல்லாப் பொருளின் விலையும் எனக்குத் தெரியும் என்று நம்புகிறார்.

ஜனவரி 21, ஞாயிறு

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொண்டேன். கையில் குழந்தையை ஏந்தியிருப்பவர் ஃபுக், நல்வாழ்வின் தேவர். மொட்டைத் தலை, பூசணிக்காய் போல் புடைத்த நெற்றி, ஒரு கையில் தடி, மறு கையில் பீச் பழம் என்றால் ஸௌ, நீண்ட ஆயுளின் தேவர். இருபுறமும் சிறகு நீட்டிய அதிகாரித் தொப்பி அணிந்தவர் லுக். செல்வத்தின் தேவர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் அரசு அதிகாரியின் சம்பளம். தேர்வெழுதி, பதவி பெற்று, மாதாமாதம் வரும் படி! கால் காசானாலும் சர்க்கார் காசு என்று சொல்லும் நமக்கு இவரைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

மானுக்கும் 'லுக்' என்றுதான் பெயர், வௌவாலுக்கும் 'ஃபுக்' என்ற ஒலி உண்டு. அதனால்தான் சீனத் தட்டுகளிலும் துணிகளிலும் வௌவால்கள் இப்படிப் பறக்கின்றன. நம் ஊரில் வீட்டுக்குள் வௌவால் நுழைந்தால் விளக்குமாற்றைத் தேடுவோம்.

ஜனவரி 23, செவ்வாய்

போ போ இவை ஜேட் என்னும் விலையுயர்ந்த கல் என்று நினைக்கிறார். ஜேட் அல்ல. ஸௌவின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், குண்டூசியால் மெல்லக் கீறினேன். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உண்மையான ஜேட்டைக் கத்தி கூடக் கீறாது.

இரவு, சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினேன். சிலையை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முழுக்க அமிழ்த்தினேன். அப்போது தராசு காட்டும் கிராம்தான் சிலையின் கன அளவு. ஸௌவின் எடை 412 கிராம், தண்ணீரில் 149. வகுத்தால் அடர்த்தி 2.77. ஃபுக் 398, 144. கிட்டத்தட்ட அதே 2.76. மென்மையான செதுக்குக் கல்லுக்குப் பொருந்துகிற எண். ஜேட்டாக இருந்தால் மூன்றை ஒட்டியோ அதற்கு மேலோ வந்திருக்க வேண்டும்.

லுக் 251, 148. அதாவது 1.7.

நூலை அவிழ்த்து மீண்டும் கட்டினேன். மீண்டும் 1.7. இப்படிச் செதுக்குகிற கல் இவ்வளவு லேசாக இருக்காது. மனைவி வந்து பார்த்து, 'சாமியை ஏன் தூக்கில் போட்டிருக்கிறீர்கள்?' என்று கேட்டாள்.

ஜனவரி 27, சனி

அப்பர் லாஸ்கர் ரோ. லாஸ்கர் என்றால் ஆங்கிலேயர் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகள். அவர்கள் புழங்கிய சந்து இன்று பழம்பொருள் கடைகளின் வரிசை. பூனைத் தெரு என்றும் ஒரு பெயர் உண்டு: திருட்டுச் சாமான் எலி, அதை வாங்க வருபவன் பூனை.

கடைக்காரர் எழுபது வயதுக்காரர். என் எண்களைக் காதில் வாங்கவே இல்லை. ஃபுக்கை எடுத்துக் கன்னத்தில் வைத்தார், பிறகு லுக்கை. 'இது குளிரவில்லை' என்றார். அப்புறம்தான் பூதக்கண்ணாடி. ஃபுக்கின் தாடியைக் காட்டினார்: உளி இழுத்த கோடுகள், ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஓரிடத்தில் கை நழுவிய தடம். லுக்கின் தாடியிலும் கோடுகள் உண்டு. ஆனால் எல்லாம் முனை மழுங்கி, நடுவே ஊசித்துளை போல் ஒரு காற்றுக் குமிழி. கைச்சட்டையின் கீழே அச்சு இணைந்த மெல்லிய விளிம்பு. அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை நகத்தால் உரித்துக் காட்டினார். கற்பொடி கலந்த பிசின் வார்ப்பு.

மற்ற இரண்டும் செஜியாங் மாகாணத்து ச்சிங்தியன் கல். நூறு வருடப் பழமை எல்லாம் இல்லை. 1970களில் சீன அரசுப் பண்டகசாலைகளில் விற்ற பட்டறை வேலை. தலா அறுநூறு, எழுநூறு டாலர் தரலாம். 'ஷௌஷான் டியன்ஹுவாங் கல்லாக இருந்தால் தங்கத்தின் எடைக்கு மேல் பேசலாம்' என்று பெருமூச்சு விட்டார். லுக்குக்கு? முப்பது டாலர், அதுவும் சீனப் புத்தாண்டு நெருங்குவதால்.

மூன்றும் அசல் கல்லாக இருந்தால் மூவாயிரம் கொடுத்திருப்பாராம். மூவரில் ஒருவர் குறைந்தால் மற்ற இருவரின் மதிப்பும் இறங்கிவிடுகிறது. இந்தக் கணக்கை நான் எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

ஜனவரி 30

போ போவிடம் இன்னும் சொல்லவில்லை. மின்தூக்கியில் அவரைப் பார்த்ததும் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, சனி

சொல்லிவிட்டேன். விலையை முதலில், பிசினைக் கடைசியில்.

அவர் சிரித்தார். 'நாற்பது வருடமாக ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். என் கைக்குத் தெரியாதா?' பெரிய மகன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது உடைத்திருக்கிறான். கணவர் அவனை அடிக்கவில்லை. மறுநாளே இன்னொன்றை வாங்கிவந்து, அலமாரியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாப்பிட உட்கார்ந்தார். இவரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவை ஏமாற்றிவிட்டதாக அந்த மகன் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறானாம்.

பிறகு எதற்கு என்னை விலை கேட்டுவரச் சொன்னார்? 'மற்ற இரண்டும் கல்லா என்று தெரியவேண்டாமா?'

பிப்ரவரி 7, புதன்

சீன நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதம் இருபத்தெட்டு. இங்கே வீடு கழுவும் நாள், நம் போகி போல. நடைபாதை முழுவதும் வாளிகள். போ போ மூவரையும் துடைத்து, ஃபுக்கை நடுவில் வைத்தார். மூன்றையும் பிரிப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. இல்லத்துக்கு அவருடனே போகின்றன. லுக்கின் அடியில் புதிய பச்சைத் துணி ஒட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

புத்தாண்டின் மூன்றாம் நாள். இன்று உறவினர் வீட்டுக்குப் போனால் வாய்ச்சண்டை வரும் என்பது நம்பிக்கை. 'நீ உறவினர் இல்லையே' என்று ஆரஞ்சுப் பழங்களோடு போ போ வந்துவிட்டார்.

இரவு ஒன்பது மணிக்கு ஹுங் ஹாம் கடலோர நடைபாதைக்குப் போனோம். மேகம் விலகியபோது தெற்கே, ஹாங்காங் தீவின் மலைகளுக்குச் சற்று மேலே ஒரு பிரகாசமான நட்சத்திரம். அதுதான் ஸௌ, தென்துருவக் கிழவர் என்றார் போ போ. எங்களுக்கு அது அகத்தியர், தெற்கே வந்து தங்கிவிட்ட குட்டை முனிவர் என்றேன்.

'அவருக்கும் நெற்றி இவ்வளவு பெரிதா?'

'நெற்றி இல்லை, வயிறு.'