பிஜேசிபி தேர்வும் அடிபிடித்த மால்ட்டும்

எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் காய்ச்சல் வந்தால் வாங்கும் பாக்கெட் பிரெட்தான். அதிலும் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் பாலில் தொட்டுத் தருவார்கள். அப்படி வளர்ந்த எனக்கு, மியூனிக் டுங்கெல் என்ற கறும்பழுப்பு லாகருக்கான (லாகர் என்றால் குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பீர்) பீர் நடுவர் தேர்வுக் குறிப்பில் 'ரொட்டியின் மேலோடு போன்ற மணம்' என்று படித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டேன். முதல் மாதிரித் தேர்வில் எல்லா டுங்கெலுக்கும் அதையே எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

பிஜேசிபி என்பது 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம். முதல் கட்டம் இணையத் தேர்வு: 60 நிமிடத்தில் 180 கேள்விகள். ஒரு கேள்விக்கு 20 நொடி. குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் புரட்ட நேரம் கிடைக்காது. படித்தால் தேறிவிடலாம், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளைக் கவிழ்ப்பது அடுத்து வரும் ருசித் தேர்வு. 90 நிமிடத்தில் ஆறு பீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுத் தாள் எழுத வேண்டும். பீருக்கு 50 புள்ளி: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் படும் விதம் 5, மொத்த மதிப்பீடு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான். நிறத்தை வருணித்து நான்கு வரி எழுதுகிறவர்கள் நேரத்தை வீணடிக்கிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

நம் தாளைத் திருத்தும்போது, காய்ச்சியவருக்கு நாம் சொல்லும் யோசனைக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. 'ஈஸ்ட்டைக் கவனிக்கவும்' என்று மொட்டையாக எழுதினால் ஒன்றும் கிடைக்காது. என்ன தவறு, எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும், அடுத்த முறை எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று எழுத வேண்டும். புத்தகம் மட்டும் படித்தவனுக்குக் கை வராத இடம் இதுதான். சரி, ஒரு டுங்கெலைத் தானியத்திலிருந்து நாமே காய்ச்சிப் பார்ப்போம் என்று இறங்கினேன். அப்போது நான் இருந்தது மியூனிக்கில். அங்கே சொந்தக் குடிப்புக்கு வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறது. முன்பு ஆண்டுக்கு 200 லிட்டர் வரை வரியில்லை, 2024 முதல் 500 லிட்டர். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அண்டாவை எடுக்க வேண்டாம். அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம்.

டுங்கெல் என்றால் ஜெர்மனில் 'இருண்ட' என்று பொருள். மியூனிக் பீர் ஏன் கறுப்பு, செக் நாட்டின் பில்சன் ஊர் பீர் ஏன் வெளிர் மஞ்சள் என்பது தேர்வில் பிடித்த கேள்வி. எங்கள் வீட்டுக் கெட்டிலைப் பார்த்தே பதில் எழுதலாம். பத்து நாளில் உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு படிந்துவிடும். சென்னையில் போர் தண்ணீர் கொதிக்கவைத்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம்தான். மியூனிக் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது மேஷின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் கலந்த கூழின், அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். நன்றாக வாட்டிய கறுத்த மால்ட்டில் இருக்கும் அமிலம் அதை ஈடுகட்டும். வெளிர் மால்ட்டை அதே தண்ணீரில் போட்டால் ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பு முரட்டுத்தனமாக நிற்கும். மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை ஹெல்லஸ் என்ற வெளிர் நிற லாகரை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1894இல்தான். அதுவரை அந்த ஊரின் அன்றாட பீர் இந்தக் கறுப்புதான்.

20 லிட்டருக்கு நான் கடைசியில் வந்து சேர்ந்த அளவு: மியூனிக் மால்ட் 4.8 கிலோ, உமி நீக்கி வறுத்த கறுப்பு மால்ட் 100 கிராம், ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ ஹாப்ஸ் 45 கிராம், லாகர் ஈஸ்ட் டபிள்யூ-34/70 இரண்டு பாக்கெட். தொடக்க அடர்த்தி, அதாவது புளிக்கும் முன் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.052 வந்தது. பாணிக் குறிப்பு கேட்பது 1.048 முதல் 1.056 வரை.

'கடைசியில்' என்று சொன்னேன் அல்லவா, முதல் தடவை கறுப்பு வேண்டுமே என்று உமியோடு வறுத்த மால்ட்டை 400 கிராம் கொட்டினேன். வந்தது டுங்கெல் இல்லை, ஆறிப்போன கடுங்காபி. நாக்கின் பின்பக்கத்தில் சாம்பல் ஒட்டிய மாதிரி இருந்தது. டுங்கெலின் சுவையில் பெரும்பங்கு மியூனிக் மால்ட் தருவது, கறுப்பு மால்ட் நிறத்தைக் கொஞ்சம் தள்ளிவிடத்தான். இதை மூன்று புத்தகங்களில் அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். 20 லிட்டரை வாஷ்பேசினில் ஊற்றிய பிறகுதான் மண்டையில் ஏறியது. ஒரு லாபமும் இருந்தது: டுங்கெலில் கரிந்த கசப்பு வந்தால் அது பிழை என்பதை அதற்குப் பிறகு ஒரு தடவையும் தவறவிட்டதில்லை.

இரண்டாம் முறை டிகாக்‌ஷன் முயற்சி. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஃபில்டர் காபிதான் நினைவுக்கு வரும். இங்கே விஷயம் வேறு. நொறுக்கிய மால்ட்டை 16 லிட்டர் வெந்நீரில் கலந்து 63 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறோம். அதிலிருந்து கெட்டியான பகுதியாக மூன்றில் ஒரு பங்கை வேறு பாத்திரத்துக்கு அள்ளி, 72 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, திரும்பப் பழைய பாத்திரத்தில் கொட்டுகிறோம். மொத்தச் சூடும் 72க்கு ஏறிவிடும். வெப்பமானி இல்லாத காலத்துத் தந்திரம். கொதிக்கும்போது மால்ட்டின் மணம் இன்னும் கெட்டிப்படும்.

கெட்டிப் பகுதி என்றால் உண்மையிலேயே கெட்டி, பொங்கல் பதம். ஒரு நிமிடம் கரண்டியை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன், அடிபிடித்துவிட்டது. அடிபிடித்த பொங்கலை மேலாக வழித்துக்கொள்ளலாம். பீரில் அந்த நாற்றம் பாட்டில்வரை கூட வரும். மூன்றாம் முறை மரக்கரண்டியை விடவே இல்லை. அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டிக்கொண்டிருந்தபோது, பத்தாவது நிமிடம் வாக்கில் ஆவியோடு ஒரு மணம் வந்தது. முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து அம்மா இரும்புச் சட்டியில் வறுக்கும்போது, கருகுவதற்குச் சற்று முன்னால் வருமே, அதே மணம். மறுநாள் காலை பேக்கரிக்குப் போய் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த கறுப்பு ரொட்டியின் மேல்பக்கத்தை உடைத்து மோந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சித்தி மகள், பெரியம்மா மகள் மாதிரி.

அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் நம் வீட்டுச் சொல், வலது பக்கம் தேர்வுத் தாளின் சொல். 'வறுத்த ராகி' என்றால் ரொட்டி மேலோடு. 'ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும்' என்றால் மால்ட்டின் இனிப்பு மணம். 'வேகவைத்த மக்காச்சோளம்' என்றால் டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம், இது பில்ஸ்னர் மால்ட்டில் வர வாய்ப்பு அதிகம், மியூனிக் மால்ட்டில் குறைவு. தேர்வில் மனம் முதலில் இடது பக்கத்தைத்தான் சொல்லும், கை வலது பக்கத்தை எழுதட்டும். நீங்களும் உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்குங்கள். அடுத்தவர் பட்டியலை வாங்கிப் படிப்பதில் பயனில்லை.

மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகிவிட்டதா என்று பார்க்க, வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு மேஷ், அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். கருநீலமாக மாறினால் இன்னும் காத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் சோற்றுக் கஞ்சியில் செய்த அதே சோதனை.

புளிக்கவைத்தது கட்டடத்தின் நிலவறையில். ஜனவரியில் அது தானாகவே 10 டிகிரியில் இருக்கும். இங்கேயும் ஒரு பாடம். இரண்டாம் முறை அவசரப்பட்டு நேராகக் குளிரூட்டிக்கு மாற்றியதில் வெண்ணெய் வாடை நின்றுவிட்டது. டயசெட்டில் என்பது இதுதான். புளிப்பு முடியும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் 15, 16 டிகிரிக்கு ஏற்றினால், ஈஸ்ட் தான் வெளியேவிட்டதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். முடிந்ததா என்று பார்க்க இரண்டு டம்ளரில் பீர் எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு இரண்டையும் மோந்து பாருங்கள். சூடானதில் வெண்ணெய் அடித்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பிறகு பழைய குளிர்பெட்டியில் 2 டிகிரியில் ஆறு வாரம்.

தேர்வு நாளில் மூன்றாவது கோப்பை ஒரு கறுப்பு லாகர். டுங்கெலா, ஷ்வார்ட்ஸ்பியர் என்ற இன்னொரு ஜெர்மன் கறுப்பு லாகரா என்று குழம்புகிறவர்களுக்கு: பாணியின் பெயரைத் தேர்வு நடத்துகிறவர்களே சொல்லிவிடுவார்கள், அதற்குள் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ஷ்வார்ட்ஸ்பியர் இன்னும் உலர்ந்து முடியும், மெல்லிய வறுவல் தெரியும். டுங்கெலில் ரொட்டிதான் முன்னால் நிற்க வேண்டும். கோப்பை கைக்கு வந்ததும் முதல் வேலை மோப்பம். ஒரு நிமிடத்துக்குள் எழுதுங்கள், சில மணங்கள் அதற்குமேல் நிற்காது. நான் மோந்தேன், வெண்ணெய். என் நிலவறையின் அதே வெண்ணெய். யோசனைப் பகுதியில் பேனா நிற்கவே இல்லை. சூட்டை ஏற்றுவது, இரண்டு டம்ளர் சோதனை, அவசரப்பட்டுக் குளிரூட்டக் கூடாது என்பது, எல்லாம் எழுதினேன்.

பல மாதம் கழித்து முடிவு வந்தது: நூற்றுக்கு 73. சான்றிதழின் அடுத்த படிக்கு மதிப்பெண் அளவில் 70 போதும். ஐந்தாவது பீரில்தான் கோட்டை விட்டிருந்தேன். அதில் பச்சை ஆப்பிள் மணம், அதாவது அசெட்டால்டிஹைடு, தெளிவாக இருந்ததாகத் திருத்திய தாளில் எழுதியிருந்தார்கள். என் தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊரில் ஆப்பிள் என்றால் சிவப்புதான். இப்போது வாரம் ஒரு கிரானி ஸ்மித் வாங்கி, நறுக்கி, டப்பாவில் மூடிவைத்துத் திறந்து மோந்துகொண்டிருக்கிறேன். நோட்டின் இடது பக்கத்தில் அதற்கு நேராக இன்னும் ஒன்றும் எழுதவில்லை.