மேடும் ஏற்றமும்

கம்பம்மெட்டு, போடிமெட்டு, ராமக்கல்மேடு. எங்கள் தமிழக-கேரள எல்லைப் பக்கம் ஊர்ப்பெயரே மேடுதான். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் அக்காமாரிடம் வீட்டில் போன் போட்டுக் கேட்பது, "மெட்டு ஏறியாச்சா?" மலையாளத்திலும் மேடு மேடுதான். சோதனைச்சாவடி தாண்டியும் சொல் மாறுவதில்லை.

மேட்டோடு சேர்ந்த சொல் மேட்டிமை. மேன்மை, அகந்தை இரண்டுமே அதற்குப் பொருள். இன்று பேச்சில் அகந்தைதான் மிச்சம். எனக்கு இது பெரிய வருத்தம்.

உயர்வைச் சொல்லப் புகழ், சீர்த்தி, இசை என்று எத்தனை சொல் இருந்தாலும் எனக்குப் பிடித்தது ஏற்றம். ஏறும் பாதையும் அதே, கிணற்றில் நீர் இறைத்த கருவியும் அதே. நேற்று விறகுச் சுமையோடு ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்ற பாட்டிக்குச் சுமையை இறக்கிவைத்தேன். "நீ ஏத்தமா இருக்கணும் தாயி" என்றார்.